கூப்பிட்டால் இறங்கி வரும் பறவைகள்: லார்ட் ஹாவ் தீவு பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹாவ் தீவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். அந்த இதழைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சிட்னியிலிருந்து சிறிய விமானத்தில் சுமார் 2 மணி நேரம், பசிபிக் பெருங்கடலில் பிறை நிலா மாதிரி வளைந்து கிடக்கும் ஒரு தீவு. நீளம் 10 கிலோமீட்டர் சொச்சம், அகலம் அதிகபட்சம் 2 கிலோமீட்டர் சொச்சம். மக்கள் 400 பேருக்குக் கொஞ்சம் மேல். 1982 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

கேள்வி: எரிமலைத் தீவு என்று எழுதியிருந்தீர்கள். லாவா, புகை ஏதாவது பார்க்கக் கிடைக்குமா? ஆபத்து இல்லையா?

எதுவும் கிடைக்காது, ஆபத்தும் இல்லை. அந்த எரிமலை அணைந்து 60 லட்சம் வருடங்களுக்கு மேல் ஆகிறது. கொதிக்கும் லாவாவைத்தான் பார்க்க வேண்டும் என்றால் வனுவாட்டு நாட்டில் டன்னா தீவின் யாசுர் எரிமலைக்குப் போங்கள், இங்கே வந்தால் ஏமாற்றம்தான். இங்கே இருப்பது, ஒரு பெரிய எரிமலையைக் கடல் அரித்துத் தின்றதுபோக மிஞ்சிய சிறு துண்டு. முதலில் இருந்ததில் நாற்பதில் ஒரு பங்குதான் இப்போது தண்ணீருக்கு மேலே இருக்கிறதாம். தெற்கு முனையில் கோவர் மலை 875 மீட்டர், லிட்பேர்ட் மலை 777 மீட்டர், இரண்டும் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கின்றன. பாதையில் நடக்கும்போது பாறைச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி உறைந்த லாவா அடுக்குகளை விரலால் தொட்டே எண்ணலாம்.

எரிமலை என்பதால் காட்டுயிருக்கு என்ன லாபம் என்று கேட்டால், அதுதான் முக்கியமான விஷயம். இந்த நிலம் எந்தக் கண்டத்தோடும் ஒரு நாளும் ஒட்டி இருந்ததில்லை. பறந்து வந்தவை, மிதந்து வந்தவை, காற்றில் அடித்து வரப்பட்டவை மட்டுமே இங்கே குடியேறின. பாம்பு கிடையாது. பாலூட்டி என்று இயற்கையாக வந்து சேர்ந்தது வௌவால் மட்டும்தான். தரையில் துரத்திப் பிடிக்க ஆளில்லாத இடத்தில் லட்சக்கணக்கான வருடங்கள் வாழ்ந்த பறவைக்குத் தரையில் வருகிற எதையும் கண்டு ஓடத் தெரியாது.

கேள்வி: அங்கே பறவைகள் மனிதரைக் கண்டு பயப்படாது என்பது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறதே?

மிகை இல்லை. பாதையோரம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறத்தில், சிறிய கோழி அளவில் ஒரு பறவை புதரிலிருந்து நடந்து வந்து, லேஸின் நுனியைக் கொத்தி இழுத்துப் பார்த்து, அது புழு இல்லை என்று தெரிந்ததும் என் காலுக்குப் பக்கத்திலேயே சருகைக் கிளற ஆரம்பித்துவிட்டது. கண் சிவப்பு, அலகு நீளமாகக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைந்திருக்கும், இறக்கையைப் பாதி விரித்தால் உள்ளே செம்பழுப்பில் வரிகள் தெரியும். அதுதான் வுட்ஹென், நம் காணாங்கோழிக்கு உறவு, பறக்காத இனம். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது.

1970களில் இந்தப் பறவை சுமார் முப்பதுதான் மிஞ்சியிருந்தது, அதுவும் பெரும்பாலும் கோவர் மலை உச்சியில். கப்பல்காரர்கள் விட்டுப்போன பன்றிகள் ஏற முடியாத இடம் அது. பன்றிகளை ஒழித்து, சில ஜோடிகளைப் பிடித்துக் கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, 1980களில் திரும்பவும் காட்டில் விட்டார்கள். என் ஷூ லேஸை இழுத்தது அந்தச் சில ஜோடிகளின் வாரிசாகத்தான் இருக்கும்.

பயமின்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. 1788இல் முதல் கப்பல்கள் வந்தபோது மாலுமிகள் கம்பாலேயே பறவைகளை அடித்து மூட்டையாகக் கொண்டுபோனார்கள். வெள்ளை நிறத்தில் ஒரு தாழைக்கோழி இங்கே இருந்தது, அது போயே போய்விட்டது. ஒரு புறா இனமும் அப்படித்தான் போனது.

கேள்வி: கத்தினால் பறவைகள் வானத்திலிருந்து விழும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா? அது பறவைகளுக்குத் தொந்தரவு இல்லையா?

உண்மைதான். அது ப்ராவிடன்ஸ் பெட்ரல் என்ற கடற்பறவை. உலகத்திலுள்ள இந்த இனம் அநேகமாக முழுவதும் கூடு வைப்பது இந்தத் தீவின் மலைகளில்தான். குளிர்காலத்தில் மதியத்துக்கு மேல் கோவர் மலையைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வட்டமிடும். வழிகாட்டி வாயைக் குவித்து ஊளை மாதிரி ஒரு சத்தம் போடுவார். ஒன்றிரண்டு நிமிடத்தில் மேலே கிளைகள் முறிவது போலக் கேட்கும், அப்புறம் தொப்பென்று ஒரு பறவை இலைக்குள்ளிருந்து தரையில் விழும், சுதாரித்துக்கொண்டு யார் கூப்பிட்டது என்று பார்க்க நேராகக் காலடிக்கு நடந்து வரும். கால்கள் உடம்பின் பின்பக்கம் அமைந்திருப்பதால் அதன் நடை தள்ளாடும். கையில் தூக்க முடிகிற அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தூக்காதீர்கள்.

இதே குணத்தால்தான் இன்னொரு தீவில் அது அழிந்தது. 1790இல், பிரிட்டிஷார் கைதிகளைக் குடியேற்றியிருந்த நார்ஃபோக் தீவில், பிரிட்டிஷ் கப்பல் சிரியஸ் பாறையில் மோதி உடைந்ததும், பட்டினியில் கிடந்த கைதிகளும் காவலர்களும் ராத்திரி ராத்திரியாக மலையேறி இந்தப் பறவையைப் பிடித்துச் சாப்பிட்டார்கள். சில மாதங்களில் லட்சத்துக்கும் மேல். கொஞ்ச வருடத்திலேயே அந்த மலையில் ஒன்றுகூட இல்லை.

தொந்தரவா என்ற கேள்வியை நானும் யோசித்திருக்கிறேன். என் அபிப்பிராயம்: வழிகாட்டி ஒரு முறை கூப்பிடட்டும், ஒன்றிரண்டு வரட்டும், அப்புறம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். காணொளிக்காகப் பத்துப் பேர் மாறி மாறிக் கத்துவது தப்பு. அந்தப் பறவை கடலில் நெடுந்தூரம் அலைந்துவிட்டுத் துணையைத் தேடி வந்திருக்கிறது, அதன் நேரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். பாதையை விட்டு விலகி நிற்கவும் கூடாது. காலுக்குக் கீழே மண் முழுக்க அவற்றின் வளைகள், ஒரு மிதியில் உள்ளே இடிந்துவிடும்.

கேள்வி: வயது 54. முழங்கால் லேசாக வலிக்கும். கோவர் மலை ஏற முடியுமா?

மருத்துவரைக் கேட்காமல் நான் ஆம் சொல்ல முடியாது. ஆனால் என்ன நடை என்று சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போக வர 14 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்கு மேல். கடல் மட்டத்தில் தொடங்கி 875 மீட்டர் ஏறி, அதே வழியில் இறங்க வேண்டும். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்பது அங்கே சட்டம், அதுவும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கூட்டிப்போவார்கள். ஆரம்பத்தில் கடலோரக் கூழாங்கல். பிறகு சட்டென்று ஒரு ஏற்றம். அதன்பின் லோயர் ரோடு என்ற பகுதி. பேர்தான் ரோடு, நிஜத்தில் லிட்பேர்ட் மலையின் செங்குத்தான பக்கத்தில் ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு விளிம்பு, ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வெகு கீழே கடல். சுவரோடு கயிறு கட்டியிருக்கும், மேலேயிருந்து கல் விழலாம் என்பதால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி போக வேண்டும். உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் என்பவர்களுக்கு முழங்காலைவிட இதுதான் சோதனை.

அதைத் தாண்டினால் எர்ஸ்கின் பள்ளத்தாக்கு, ஓடைத் தண்ணீர், பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம், கொஞ்ச நேரம் காலை நீட்டலாம். அப்புறம் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம்தான் கடைசி வரைக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் கயிற்றைப் பிடித்துக் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏற வேண்டிய ஓர் இடம் உண்டு. கை வழுக்காமல் இருக்கத் தோட்டவேலை கையுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறி முடித்தால் மேகக் காடு. ஒவ்வொரு கிளையும் பாசி மூடி, பெரணி மூடி, கை வைத்தால் ஈரம் சொட்டும். கீழே கடற்கரையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே உச்சி மேகத்துக்குள் இருக்கும். அந்தச் சின்ன மேட்டில் மட்டும் வளர்கிற செடிகளும் உண்டு.

முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே முதுகுப் பையில் கொஞ்சம் எடை வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் பழகுங்கள், ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். தீவுக்குப் போனதும் முதல் நாள் மலபார் ஹில், கிம்ஸ் லுக்அவுட் நடையைச் செய்யுங்கள். மலபார் ஹில் 209 மீட்டர்தான் (பெயரைக் கேட்டு நம் மலபார் என்று நினைத்துவிடாதீர்கள்). அடுத்து லிட்பேர்ட் மலையில் பாதி உயரத்திலிருக்கும் கோட் ஹவுஸ் குகை. அங்கே போய்த் திரும்பிய மறுநாள் காலையில் முழங்கால் எப்படி இருக்கிறதோ, அதுதான் உங்கள் பதில்.

முடியாவிட்டால் ஒன்றும் இழப்பில்லை, இதை மனதாரச் சொல்கிறேன். மலபார் ஹில் விளிம்பில் உட்கார்ந்தால் சிவப்பு வால் ட்ராபிக் பறவைகள் உங்கள் கண்ணுக்கு நேரே பறக்கும். வெள்ளை உடம்பு, பின்னால் ஈர்க்குச்சி மாதிரி இரண்டு நீளச் சிவப்பு இறகு. ஜோடி தேடும் காலத்தில் காற்றில் நின்று பின்பக்கமாகவே வட்டம் போடும். எந்த மலையும் ஏறாமல், சாலையோர மரத்தடியில் நின்றே வெள்ளை ஆலா என்ற கடற்பறவையையும் பார்க்கலாம். கூடே கட்டாது, வெறும் கிளையில் ஒரு சின்னப் பள்ளத்தில் ஒற்றை முட்டை வைக்கும். பொரிந்த குஞ்சு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதத்தால் கிளையைக் கவ்விக்கொண்டு, எந்தக் காற்றடித்தாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: 2019இல் அந்தத் தீவில் ஹெலிகாப்டரிலிருந்து விஷம் தூவி எலிகளைக் கொன்றார்களாமே. எலியும் உயிர்தானே? இதைப் பாராட்டி எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது.

உங்கள் வருத்தம் நியாயமானது. அது வலியில்லாத சாவு என்று நான் சொல்லப்போவதில்லை. தீவு மக்களே இதில் இரண்டு பட்டார்கள், வாக்கெடுப்பில் ஆதரவு பாதியை லேசாகத் தாண்டியது, அவ்வளவுதான்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1918 ஜூனில் மகாம்போ என்ற கப்பல் நெட்ஸ் பீச் பக்கம் தரைதட்டி நின்றது, அதிலிருந்து கருப்பு எலிகள் கரையேறின. சில வருடங்களுக்குள் இந்தத் தீவுக்கு மட்டுமே உரிய ஐந்து வகைப் பறவைகள் இல்லாமல் போயின. எலியைப் பிடிக்கட்டும் என்று 1920களில் வெளியிலிருந்து ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அதுவும் இன்னொரு தொல்லையாக முடிந்தது. நூறு வருடமாகக் கூண்டும் விஷமும் வைத்து எலியைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருந்தார்கள், அதிலும் எலிகள் செத்துக்கொண்டேதான் இருந்தன. முடிவே இல்லாமல் வருடா வருடம் கொல்வதா, ஒரே முறையில் முடிப்பதா என்பதுதான் அங்கே இருந்த நிஜமான கேள்வி. எலி இருக்கட்டும் பறவை போகட்டும் என்று விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான், அதிலும் சாவு உண்டு, கணக்கில் வராத சாவு.

விஷம் வைத்த மாதங்களில் வுட்ஹென்களையும் கரவாங் பறவைகளையும் பிடித்துப் பத்திரமாகக் கூண்டில் வைத்துப் பராமரித்து, பிறகு திறந்துவிட்டார்கள். 2021இல் திரும்பவும் எலி தென்பட்டது, மோப்ப நாய்களோடு தீவையே சலித்துத் தேடினார்கள். இருநூறு சொச்சம் இருந்த வுட்ஹென் இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கென்டியா பனையின் விதைகளை முன்பு எலி தின்றுவிடும், இப்போது காட்டுத் தரை முழுக்கப் பனங்கன்று. நான் பாராட்டித்தான் எழுதினேன், இப்போதும் அதே கருத்துதான்.

கேள்வி: அழிந்துபோய்த் திரும்பி வந்த குச்சிப்பூச்சியைத் தீவில் பார்க்கலாமா?

காட்டில் நீங்களாகத் தேடிப் பார்க்க முடியாது. உள்ளங்கை நீளத்துக்குக் கருப்பாக, தடியாக, இறக்கையில்லாமல் இருக்கும் பூச்சி அது. எலி வந்த சில வருடங்களில் காணாமல் போனது. தீவிலிருந்து 23 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் பால்ஸ் பிரமிட் என்ற பாறை, சுமார் 550 மீட்டர் உயரத்துக்குக் கத்தி முனை மாதிரி நிற்கிறது. 2001இல் அந்தப் பாறையில் ஏறிய ஆய்வாளர்கள், இடுக்கில் வளர்ந்திருந்த புதரடியில் அவற்றை உயிரோடு பார்த்தார்கள். 2003இல் இரண்டு ஜோடி மட்டும் எடுத்துவர அனுமதி கிடைத்தது. மெல்போர்ன் உயிரியல் பூங்காவுக்குப் போன ஜோடியில் பெண் பூச்சி சாகக் கிடந்தபோது, பராமரிப்பாளர் கால்சியம் கலந்த தேன்பாகைத் துளித் துளியாக ஊட்டிக் காப்பாற்றினார். அதன் முட்டைகளிலிருந்து பெருகிய கூட்டத்தை அங்கேயே கண்ணாடிக்குள் பார்க்கலாம், மெல்போர்ன் போகிறவர்கள் தவறவிடாதீர்கள். பால்ஸ் பிரமிடைப் படகில் சுற்றிப் பார்க்கலாம், இறங்க அனுமதியில்லை. கடல் அடங்கியிருந்தால்தான் படகே கிளம்பும், வாந்தி மாத்திரை அவசியம்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

எல்லாமே ஒரே மாதத்தில் கிடைக்காது. பெட்ரல் மார்ச் முதல் நவம்பர் வரை. ட்ராபிக் பறவை செப்டம்பரிலிருந்து மே வரை. வெள்ளை ஆலாவின் குஞ்சு பார்க்கக் கோடைதான், அங்கே கோடை என்றால் டிசம்பர், ஜனவரி. ஒரே பயணத்தில் கூடுமானவரை பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூன், ஜூலையில் மழையும் காற்றும் அதிகம், சில விடுதிகளை மூடிவிடுவார்கள், ஆனால் பெட்ரல் கூட்டத்துக்காகவே போகிறவர்களுக்கு அதுதான் நேரம். செப்டம்பருக்குப் பிறகு போனால் ஒரு மாலை நெட்ஸ் பீச்சில் இருட்டும்வரை உட்காருங்கள். ஷியர்வாட்டர் பறவைகள் கடலிலிருந்து வந்து சுற்றிலும் தொப் தொப்பென்று விழுந்து, உங்களைத் தாண்டி நடந்து காட்டிலுள்ள வளைக்குப் போகும். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள்.

கேள்வி: அறை கிடைக்கவே இல்லை. ஏன்? செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தீவில் இருக்கக் கூடாது என்பது விதி. கூடாரம் போட அனுமதியில்லை. அதனால் ஒரு வருடம் முன்பே அறையையும் விமானத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். முதலில் அறை, பிறகு டிக்கெட். செலவு அதிகம்தான், மூடி மறைக்கவில்லை. சாப்பாட்டுச் சாமான் உட்பட எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ வர வேண்டும். தீவு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது, ஆகவே ஆஸ்திரேலிய விசிட்டர் விசா போதும், தனி விசா கிடையாது. ஓடுபாதை குட்டை, விமானம் சிறியது, பைக்கு எடை வரம்பு கடுமை, காற்று அடித்தால் விமானம் ரத்து. திரும்பும்போது சிட்னியில் ஒரு நாளாவது இடைவெளி விடாமல் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். தீவில் வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், எல்லோரும் சைக்கிள்தான், வாடகைக்குக் கிடைக்கும். கடிகாரமும் சிட்னியிலிருந்து கோடை தவிர மற்ற நாட்களில் அரை மணி முன்னே ஓடும், வழிகாட்டி சொல்லும் நேரம் தீவு நேரம்.

கேள்வி: பத்து வயதுப் பையனைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. கோவர் மட்டும் வேண்டாம். நெட்ஸ் பீச்சில் முழங்கால் தண்ணீரில் நின்றால் பெரிய மீன்கள் காலைச் சுற்றும், தீவின் மேற்கே பவளப்பாறை உண்டு, உலகத்திலேயே தென்கோடியில் இருக்கும் பவளப்பாறைகளில் அதுவும் ஒன்று. பையன் மூன்றாம் நாள் ஊருக்கு வரமாட்டேன் என்பான்.

கேள்வி: ஷூவைக் கழுவிவிட்டு வரச் சொல்கிறார்கள். இவ்வளவு கெடுபிடி எதற்கு?

மிர்ட்டில் ரஸ்ட் என்ற பூஞ்சை நோய். மாவு மாதிரி மஞ்சள் துகள், துணியிலும் ஷூவிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும், நாவல், கொய்யா குடும்பத்து மரங்களின் துளிரைக் கருக்கும். 2016இல் தீவுக்கு வந்தது, ஒழித்தார்கள், 2023இல் திரும்பவும் தென்பட்டது, காட்டின் சில பகுதிகளையே மூட வேண்டியதாயிற்று. இந்தத் தீவின் மலைகளில் மட்டுமே இருக்கிற மரத்துக்கு அது வந்தால் வேறு எங்கிருந்தும் நட்டு மீட்க முடியாது.

அதனால் கிளம்பும் முன் ஷூ அடிப்பாகத்தின் பள்ளங்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தோண்டிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பேன்ட் மடிப்பு, பையின் அடி, வெல்க்ரோ, காலுறை, தொப்பி எல்லாவற்றிலும் விதை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வெல்க்ரோவில்தான் அதிகம் இருக்கும். பாதை தொடங்குமிடத்தில் பிரஷ் வைத்திருப்பார்கள், அங்கேயும் ஒவ்வொரு முறையும் தேய்த்துவிட்டே உள்ளே போங்கள், நேற்றுதானே தேய்த்தோம் என்று விடாதீர்கள், ஒரு பாதையிலிருந்து அடுத்த பாதைக்கும் அது பரவும்.